முதல் கூடை எங்கே?

என் மேசை இழுப்பறையை யாரோ திறக்கிறார்கள் என்று பதினொரு நாள் துப்புத் துலக்கினேன். காலையில் வந்ததும் இழுப்பறை இடுக்கில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகி வைப்பேன். சாயங்காலம் பார்த்தால் அது கீழே கிடக்கும். நாள், அன்று ஆய்வகத்துக்குள் வந்துபோனவர்கள் பெயர் என்று ஒரு பட்டியல் போட்டேன். பன்னிரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து நெஞ்செரிச்சல் மாத்திரை எடுக்க இழுப்பறையை இழுத்தபோது காகிதத் துண்டு என் செருப்பின் மேலேயே விழுந்தது. பட்டியலில் ஆறு பேர் இருந்தார்கள். நான் இல்லை. பட்டியலைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் அந்த ஆறு பேரில் இரண்டு பேரைப் பற்றி எனக்கு இன்றைக்கும் முழுத் திருப்தி கிடையாது.

இப்படிப்பட்ட ஆளைத்தான் பெரியநாயக்கன்பாளையம் தாண்டி இருக்கும் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கருவி மையத்தில் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக வைத்திருந்தார்கள். போன மாதம் ஓய்வு பெற்றேன். மையத்துக்கு இப்போது ஒரு புது மென்பொருள் வந்திருக்கிறது. ஆய்வு செய்பவர்கள் கொடுக்கும் எண்களைப் படித்துப் பார்த்து, இயல்பாக இல்லையென்றால் சிவப்புக் கொடி காட்டும். என் இடத்துக்கு வந்திருக்கும் கௌசல்யா, "சார், நீங்க செஞ்ச வேலைய இனி இது செஞ்சுக்குமுங்க. ஆனா நீங்க எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். எழுதுகிறேன். அந்த மென்பொருள் இதைப் படிக்காமல் பார்த்துக்கொள்வது கௌசல்யாவின் பொறுப்பு.

இயற்பியலில் இளங்கலை முடித்துத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் ஐந்து வருஷம் குவளை கழுவியதிலும், காலையில் கருவிகளின் மேலிருந்த துணியை எடுத்து மாலையில் போர்த்தியதிலும் போயிற்று. பிறகு எக்ஸ் கதிர்க் கருவி வந்தது. ஒரு பொருளின் மேல் கதிரைப் பாய்ச்சினால் அதிலுள்ள இரும்பு, செம்பு, சுண்ணாம்பு எல்லாம் தத்தமக்குரிய கதிரைத் திருப்பி அனுப்பும். எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லும் பொருள்களோடு பழகிய பிறகு மனிதர்களோடு பேசுவது எனக்குச் சிரமமாகிவிட்டது. நிரல் எழுதக் கற்றுக்கொண்டது வேறு வழியில்லாமல். அந்த வேலைக்கு எடுத்த ஒவ்வொருவரும் ஆறு மாதத்தில் சரவணம்பட்டி மென்பொருள் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். என்னை அங்கே யாரும் கூப்பிடவில்லை. மிச்சம் நின்றவன் என்ற தகுதியில் மையத்தின் மென்பொருள் முழுவதும் என் கைக்கு வந்தது.

எனக்கு மோப்பம் பிடிக்கும் மூக்கு ஒன்று இருக்கிறது என்று நானே நம்பத் தொடங்கியது ஒரு தண்ணீர்ச் செம்பால். ஒருவர் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஐந்நூறு வருஷத்துச் சொத்தாம். கருவியில் வைத்தால் மேற்பூச்சில் குரோமியம். நேற்றைக்கு முந்தின காலத்து சைக்கிள் கைப்பிடியில் பளபளக்கும் அதே சரக்கு. எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப எங்க பாட்டன் அந்தக் காலத்துலயே எவ்வளவு முன்னேறியிருக்காரு பாருங்க" என்று சொல்லிவிட்டுச் செம்பைச் சுற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் அவர் முகத்தைப் பார்த்தேன், அப்புறம்தான் பொருளை.

மையத்தின் தலைவர் டாக்டர் சாமியாத்தாள். பென்சிலில்தான் எழுதுவார். வந்த காகிதத்தை நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்தால் பாதி ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். 'பொய்', 'தப்பு' என்ற இரண்டு சொற்களையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "இன்னொருக்கா பாத்துப்போடுங்க" என்பார், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் எல்லோரும்தான் 'ங்க' போட்டுப் பேசுகிறோம். அவருக்குக் கோபம் ஏற ஏற 'ங்க' ஏறும். ஒரு வாக்கியத்தில் இரண்டு என்றால் சாதாரணம். நான்கு வந்தால் அன்றைக்கு விடுப்பு எடுத்திருக்கலாமே என்று தோன்றும்.

இனி எஸ்தர்.

காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சோளக்காட்டின் மூலையில் பழைய உலைமேடு ஒன்று இருந்தது. அந்தக் காலத்து ஆட்கள் அங்கேயே கல்லிலிருந்து இரும்பை உருக்கினார்களா, இல்லை வெளியிலிருந்து இரும்பை வாங்கி வந்து அடித்துக் கொடுத்தார்களா? இதுதான் எஸ்தரின் முனைவர் பட்ட ஆய்வு. உலையில் மிஞ்சும் கசடைக் கருவியில் வைத்தால் அது உருக்கிய கசடா, அடித்த கசடா என்று சொல்லிவிடலாம். மண்ணின் எந்த அடுக்கிலிருந்து உருக்கிய கசடு வரத் தொடங்குகிறது என்று காட்ட வேண்டும். எஸ்தரின் பெற்றோர் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா பின்னால் எங்கள் கல்லூரிப் பேருந்தை ஓட்ட வந்தார். தினமும் காலையில் மகளையும் என்னையும் ஒரே பேருந்தில்தான் கொண்டுவந்து இறக்குவார்.

தோண்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். மண்ணின் நிறமோ கெட்டியோ மாறினால் புது அடுக்கு. புது அடுக்கு தொடங்கியதும் கூடை எண்ணிக்கையும் முதலிலிருந்து தொடங்கும். குழிக்குள் இருப்பவர் மண் நிரம்பிய கூடையைத் தூக்கிக் கொடுக்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் அதை அட்டையில் எழுத வேண்டும். மண்ணைச் சலித்துக் கிடைத்த கசடும் ஓடும் அந்த அட்டையோடு ஒரு பைக்குள் போகும். ஒரு அடுக்கின் பைகளெல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை. இதில் டாக்டர் சாமியாத்தாளின் சட்டம் ஒன்றுதான்: காதில் விழுந்ததை விழுந்தபடி எழுது. திருத்த வேண்டுமானால் பக்கத்தில் சிவப்பில் எழுது, அடிக்காதே. அட்டையில் உள்ளதே நோட்டிலும், நோட்டில் உள்ளதே கணினியிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் எண்ணிலிருந்து பைக்குத் திரும்பிப் போக முடியும்.

எஸ்தர் கொடுத்த எண்களையெல்லாம் வாங்கி, அடுக்குவாரியாகத் தொகுத்து, வரைபடம் போட்டுத் தருவது நான் எழுதிய நிரல். அதற்குக் 'கங்காணி' என்று பெயர் வைத்திருந்தேன். அப்போது அது வேடிக்கையாகத் தோன்றியது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரம் இருந்தபோது வரைபடத்தை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். பயமாக இருந்தது. அவ்வளவு அழகு. மேலிருந்து ஆறாவது அடுக்குவரை உருக்கிய கசடு. ஏழாவது அடுக்கு தொடங்கியதும் சுத்தமாக ஒன்றுமில்லை. படிக்கட்டு மாதிரி வெட்டி நின்றது. மண் அப்படி நடந்துகொள்ளாது. மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் சேரும் இடத்தில் எலியும் வேரும் மழையும் புகுந்து கலக்கிவிட்டிருக்கும். அடுக்கின் முதல் ஒன்றிரண்டு கூடையில் மேலே உள்ளதும் கொஞ்சம் வரும். இதில் வரவே இல்லை.

கங்காணியைவிட்டுக் கூடை எண்களை வரிசையாகப் போடச் சொன்னேன். அடுக்கு ஒன்று: இரண்டு, மூன்று, நான்கு. அடுக்கு இரண்டு: இரண்டு, மூன்று, நான்கு. ஒன்பது அடுக்கிலும் அதேதான். ஒரு அடுக்கிலும் முதல் கூடை இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லைக் கூடைகளில் கலப்பு இருந்திருக்கிறது. முடிவு தெளிவாக வரவேண்டுமென்று ஒன்பதையும் தூக்கிவிட்டார். முகம் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று தேநீர் வேளையில் பிடித்தேன்.

"எஸ்தர், எல்லாக் கூடையும் பதிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேனுங்க சார்."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாமங்க சார்."

சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். பார்க்காமல் சொல்லியிருந்தால் பயம் என்று குறித்திருப்பேன். பார்த்ததால் துணிச்சல் என்று குறித்தேன். அன்றே டாக்டருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். 'திட்டமிட்ட நீக்கம்' என்ற சொற்றொடரை மூன்று இடத்தில் போட்டிருந்தேன். மூன்றாவது இடத்தில் அடிக்கோடும் உண்டு. அது நிரூபணமானால் எஸ்தரின் பதிவு ரத்தாகும், ஐந்து வருஷ வேலை குப்பைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். மறுநாள் காலையில் பேருந்தில் ஏறியபோது அவருடைய அப்பா வழக்கம்போல, "வாங்க சார், சன்னல் சீட்டு காலியா இருக்குதுங்க" என்றார். உட்கார்ந்துகொண்டேன்.

டாக்டர் கடிதத்தை நின்றபடி இரண்டு முறை படித்தார். விசாரணைக் குழு போடுவார் என்று எதிர்பார்த்தேன். "மூட்டையெல்லாம் ஸ்டோர்ல சீல் வெச்சபடிதான இருக்குது? நாளைக்குப் பிரிச்சுப்போடலாம். நீங்களே படிச்சுக் காட்டுங்க" என்றார். குற்றம் சொல்பவர்தான், சொல்லப்பட்டவர் முன்னால், அசல் அட்டையை எடுத்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். கணினி அச்சுத்தாள் அறைக்குள் வரக்கூடாது. இது அவர் வழக்கம். இந்தத் தடவை இன்னொரு ஆளையும் வரச் சொல்லியிருந்தார்: குழிக்குள் நின்று எண்ணைச் சொன்ன மாராத்தாள். காரமடையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். உள்ளே வந்ததும் அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, போலீசு கீலீசு ஒண்ணும் வருலீங்களே?"

"இல்லீங்க்கா. எண்ணிக்கை சரி பாக்கறோம்."

"அதுக்கென்னுங்க, பாருங்க. எடுத்தது மண்ணு. அதுல நாங்க என்னத்தத் திருடிப்போட்டமாமா?" என்றவர் எஸ்தர் பக்கம் திரும்பி, "ஏங் கண்ணு மூஞ்சி இப்படி இருக்குது? சாப்பிட்டயா இல்லையா?" என்றார். எஸ்தர் கையில் இருந்த கைக்குட்டையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் அடுக்கின் மூட்டையைப் பிரித்தேன். முதல் பை இருக்காது என்று தெரியும், இரண்டாவதைத்தான் தேடினேன். கைக்கு வந்தது வேறு ஒன்று. அட்டையை எடுத்துப் படித்தேன். "குழி ரெண்டு. அடுக்கு ஏழு. கூடை…"

"கூடை எத்தனைங்க?" என்றார் டாக்டர்.

"எண்ணே இல்லீங்க மேடம். 'லா'ன்னு மட்டும் இருக்குது."

இதைச் சொன்னபோது என் குரலில் கொஞ்சம் வெற்றி இருந்தது. எண் போடாத பை என்றால் கணக்கில் காட்டாத பை. நான் நினைத்ததைவிடப் பெரிய கோல்மால்.

எஸ்தர் முதன்முறையாக நிமிர்ந்தார். "சார், அது லாபமுங்க."

"யாருக்கு?" என்றேன்.

மாராத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொத்தியும் நிற்கவில்லை. "ஏனுங் சாரு, களத்துல கடலை அளந்து நீங்க பாத்ததே இல்லீங்களா? மொத வள்ளத்தப் போயி ஒண்ணும்பாங்களா யாராச்சும்? லாபம், ரெண்டு, மூணு, நாலு… நான் எண்ணப் பழகுன நாள்ல இருந்து அப்படித்தானுங்க. ஒண்ணுன்னு என்ற வாய்ல வருமுங்களா?"

டாக்டர் பென்சிலை மேசைமேல் வைத்தார்.

"சென்னியப்பன் சாருங்க, உங்களுக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டம்தானுங்களே?"

"ஆமாங்க."

"கடலை போடுவீங்க இல்லீங்களா?"

"போடுவமுங்க."

"எப்படீங்க எண்ணுவீங்க? கொஞ்சம் எண்ணிக் காட்டுங்க."

நான் 'ங்க'க்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "லாபம்… ரெண்டு… மூணு…" என்றேன்.

"போதுங்க" என்றார்.

எனக்கு அது தெரியாததல்ல. முதல் அளவை 'ஒன்று' என்னாமல், பெருகட்டும் என்று 'லாபம்' என்பது களத்து வழக்கம். பத்து வயதில் கடலைக் குவியல் பக்கத்தில் நின்று நானே அப்படி எண்ணியிருக்கிறேன். பறித்துப் போட்ட பெண்கள் கூலிக்கடலைக்காகச் சேலை மடியை விரித்து நிற்பார்கள். ஆனால் அந்தச் சொல் களத்தில்தான் இருக்கும், ஆய்வகத்துக்குள் வராது என்று எப்போதோ முடிவு செய்திருக்கிறேன்.

எல்லோரும் என் அறைக்கு வந்தோம். எஸ்தர் கொடுத்த மூலக்கோப்பைத் திறந்தேன். ஒன்பது அடுக்கிலும் முதல் வரியில் 'லா' என்று இருந்தது. அட்டைப்படி, சட்டப்படி. பிறகு கங்காணியின் நிரலைத் திறக்கச் சொன்னார் டாக்டர். கூடை எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் அது தலைப்பு வரி என்று எண்ணித் தாண்டிப்போகும்படி நான் எழுதியிருந்தேன். தாண்டும்போது ஒரு எச்சரிக்கை காட்டவும் முதலில் ஏற்பாடு இருந்தது. அடிக்கடி வந்து தொந்தரவு செய்ததால் நிறுத்திவிட்டேன். அந்த வரிக்குப் பக்கத்தில் எனக்கு நானே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தேன்: 'எண் இல்லாத வரி. கண்டுக்காதே.'

டாக்டர் அதைக் குனிந்து படித்தார். மாராத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. எஸ்தர் அவருக்குப் படித்துக் காட்டினார்.

"அட, அப்ப ஆட்டையப் போட்டது சாரோட பொட்டிங்களா?" என்றார் மாராத்தாள்.

எஸ்தர் அப்போது ஒன்றைச் சொன்னார், குரலை உயர்த்தாமல். "சார், மூணு மாசத்துக்கு முன்னால உங்ககிட்டக் கேட்டேனுங்க. மொத்தம் கொஞ்சம் கொறையற மாதிரி இருக்குதுன்னு. கூட்டல உங்க பக்கம் சரி பாருங்கம்மான்னு சொன்னீங்க." கேட்டது உண்மை. சொன்னதும் உண்மை. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகும் நான் எழுதிய நிரலின் முறை வரவே இல்லை.

அவர்கள் போன பிறகு டாக்டர் நின்றார். "மொதல்ல எஸ்தரக் கூப்பிட்டு, அட்டைய எடுத்துட்டு வா கண்ணுன்னு ஒரு வார்த்தை ஏனுங்க கேக்கல?"

என்னிடம் பதில் இல்லை என்று சொன்னேன். இருந்தது. அதற்கு முந்தின வருஷம் வேறொரு ஆய்வாளரின் அட்டவணையில் மூன்று வரிகள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. அவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், ஒறம்பரை. கேண்டீனுக்குக் கூட்டிப்போய், காப்பி சொல்லி, "தம்பி, இத ஒருக்காப் பாத்துக்குங்க" என்றேன். அவர் பார்த்துக்கொண்டார், விஷயம் முடிந்தது. எஸ்தர் சேர்ந்த முதல் நாள், எந்த ஊர் என்று கேட்டவன் நான். ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்றும் கேட்டேன். காப்பிக்கும் கடிதத்துக்கும் நடுவில் இருந்தது அந்தக் கேள்விதான். இதை எழுதிக் கொடுக்கச் சொல்லி கௌசல்யா கேட்கவில்லை, ஆனால் மென்பொருள் சோதிக்காத இடம் இது என்பதால் எழுதுகிறேன்.

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எதுக்குங்க எடுக்கறீங்க? இருக்கட்டுங்க. ரெண்டாவது தாளுக்குப் பின்னாடி வெள்ளையாத்தான இருக்குதுங்க? பதிலையும் அதுலயே எழுதிக் குடுத்துப்போடுங்க" என்றார். எழுதினேன். முன்பக்கத்தில் போட்ட அடிக்கோட்டின் தடம் பின்பக்கத்தில் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

ஒன்பது கூடைகளும் உள்ளே வந்ததும் அழகான படிக்கட்டு சரிவாகிவிட்டது. உருக்கியது உறுதிதான், ஆனால் ஆறாம் அடுக்கிலா, ஏழின் தலைப்பிலா என்று அறுதியிட முடியவில்லை. எஸ்தர் ஒரு அத்தியாயத்தை முழுக்கத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. சமர்ப்பிப்பு மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. உதவித்தொகை அதற்கு முன்பே முடிந்திருந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "எல்லை ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு?" என்று கேட்டார். "மண்ணு அப்படித்தானுங்க சார் இருக்கும்" என்றார் எஸ்தர். அவருக்குப் பட்டம் கிடைத்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான் கை தட்டலாமா என்று யோசித்து, தட்டி முடிப்பதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அதன்பிறகு கங்காணியில் எதையும் தாண்டவிடவில்லை. புரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று கேட்டது. ஆய்வாளர்கள் திட்டினார்கள். எஸ்தர் எங்கள் கல்லூரியிலேயே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். தாளின் பின்பக்கத்தில் எழுதியதோடு சரி. அவரிடம் நேரில் ஒரு மன்னிப்பு நான் கேட்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

என் பிரிவு உபசார நாளில், மாலையும் பேச்சும் முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கும்போது அவர் பக்கத்தில் போய் நின்றேன். தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். கொஞ்சம் நீளமாகத்தான் போயிற்று. தெருவைக் கேட்டதையும் விடாமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க சார்" என்றார். "நானும் ஒண்ணு சொல்லிப்போடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மொத்தம் கொறையுதுன்னு உங்ககிட்டக் கேட்டேன் பாருங்க, அன்னைக்கே நோட்டுல ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வெச்சுட்டேனுங்க. நீங்கதான் வேணும்னே என்னமோ பண்றீங்கன்னு நெனச்சேன். இன்னும் வெச்சிருக்கேனுங்க."

"அதான் எல்லாம் முடிஞ்சுதே. இனி அழிச்சுப்போடலாம்ல?" என்றேன்.

அவர் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ரிலீவிங் ஆர்டர் கைக்கு வந்துருச்சுங்களா சார்?"